ஏழாவது குளம்

சவுண்டைக் குறைக்க வேண்டாமுங்க தம்பி, இருக்கட்டும். நீங்க பாட்டுக்கு போன்ல விளையாடுங்க. எனக்கொண்ணும் தொந்தரவில்லை. ஆனா அந்தக் காருக்கு இடப்பக்கம் ஒரு சந்து வந்துது பாருங்க, அதுல விட்டிருந்தீங்கன்னா முட்டியிருக்க மாட்டீங்க. சும்மா சொன்னேன். அந்த லைன்ல கொஞ்ச நாள் வேலை பார்த்தவன், கண்ணு தானா போகுது.

கேம் லைன்தானுங்க. ஏன், நம்ப முடியலையா? டெஸ்டருன்னு சொல்லுவாங்க. இன்னும் வெளிய வராத கேமை முன்கூட்டி விளையாடிப் பார்த்து, இங்கே ஓட்டை, அங்கே ஒடசல்னு சொல்ற வேலை. அதைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். உங்களைப் பார்த்தா நல்ல பையனாத் தெரியுது, அதனால சொல்றேன். உங்களோட போகட்டும். காலையில தஞ்சாவூர் பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன், உங்களோட போகட்டுமுங்கன்னு.

நீங்க கோயமுத்தூர் வரைக்குமா? அப்ப நேரமிருக்குது.

என் பேர் குழந்தைவேலு. வீடு சரவணம்பட்டி. ஒரு பஞ்சு மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தேன். எவன் எப்ப வந்தான், எப்ப போனான், அவனுக்கு என்ன வயசு, இதெல்லாம் பார்க்கற இடம். வயசு விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாதுங்க. பதினெட்டு ஆகாத பொண்ணு சேலையைச் சுத்திக்கிட்டு வேலை கேட்டு வந்தா நடையிலேயே கண்டுபிடிச்சிடுவேன். ஒருத்தன் ரிட்டயர் ஆகற அன்னைக்கு வந்து, ஐயா எனக்கு நிஜத்துல இன்னும் மூணு வருசம் இருக்குதுங்க, பள்ளிக்கூடத்துல வாத்தியார் தப்பா எழுதிட்டாருங்கன்னு அழுதான். பேப்பர்தான் பேசணும், வாய் பேசக்கூடாதுன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். போன ஜூன்ல எனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு. மாலையைப் போட்டு அனுப்பிட்டாங்க. நான் வாயைத் திறக்கலையே.

இன்னொண்ணும் சொல்லணும். மில்லு விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததே இல்லை. செருப்போட சேர்த்து வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ளே வருவேன். என்ற சம்சாரம் சுலோச்சனா ஏதாவது கேட்டா, ஆபீஸ் விஷயம், உனக்கெதுக்குன்னு ஒரே வார்த்தை. ஒரு நாள் காலையில மீசையோட வேலைக்குப் போயிட்டு, சாயங்காலம் மீசை இல்லாம வந்தேன். ஏனுங்க, மீசை எங்கேன்னா. ஆபீஸ் விஷயம்னேன். அதோட சரி. இருபது வருசம் ஆச்சு, அதுக்கப்புறம் அவ கேட்டதே இல்லை. அப்படி ஒரு மனப்பொருத்தம் எங்களுக்குள்ள.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரிட்டயர் ஆகி வீட்டுல உட்கார்ந்திருக்கறேன். மாடியை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அஞ்சாறு சின்னப் பசங்க, கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னாங்க. ஒரு வாரமா மேல இருந்து வாத்துச் சத்தம். காலையில வாத்து, மத்தியானம் வாத்து. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. வாடகைப் பத்திரத்துல ஆடு மாடு கோழி நாய் வளர்க்கக் கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன். வாத்துன்னு எழுதலை. அதைப் பிடிச்சுக்கிட்டானுங்களேன்னு நெனச்சுக்கிட்டு, பத்திரத்தைக் கையில எடுத்துக்கிட்டு மாடி ஏறினேன்.

பார்த்தா வாத்து இல்லை. டிவி மாதிரி பெரிய திரை. அதுக்குள்ள மஞ்சக் கலர்ல ஒரு குஞ்சு. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அது என்னைப் பார்த்து, க்வாக்குன்னுச்சு.

கிஷோர்னு ஒரு பையன், தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பான், முதலாளி அவன்தான். அவன் சொன்னான், அங்கிள், இது ஒரு கேம். இந்தக் குஞ்சு அதோட அம்மாவைத் தொலைச்சிருச்சு. ஏழு குளம் தாண்டிப் போய் அம்மாவைக் கண்டுபிடிக்கணும். மூணு வயசுக்கு மேல இருக்கற குழந்தைங்களுக்குன்னான். சினிமாவுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கற மாதிரி கேமுக்கும் வயசு போடணுமாம். இது சின்னக் குழந்தைக்கு ஆகும், இது பெரியவங்களுக்கு மட்டும்னு. இதுக்கு மூணுன்னு போட உத்தேசம்.

அப்ப மூணு வயசுக் குழந்தைங்களைக் கூப்பிட்டு விளையாட விட்டுப் பார்க்கறதுதானேன்னு கேட்டேன். யாழினின்னு ஒரு பொண்ணு, டெஸ்டர்களுக்கெல்லாம் அவதான் மேஸ்திரி மாதிரி. அவ சொன்னா, அது முடியாதுங்க அங்கிள். வெளிய வராத கேமுன்னா ரகசியம் காப்பாத்தறேன்னு கையெழுத்துப் போடணும். மூணு வயசுக் குழந்தை கையெழுத்துப் போடுமா? பதினெட்டுல இருந்து அறுபதுக்குள்ள இருக்கறவங்கதான் டெஸ்டர் ஆகலாம்னா. அறுபதுக்கு மேல ஏன் கூடாதுன்னேன். கண்ணு போச்சு கழுத்து போச்சுன்னு வருவாங்களாம், இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டானாம்.

எனக்கு அப்படியே பிடிச்சுப்போச்சுங்க தம்பி. யாருக்காகச் செய்யறமோ அவங்க தொடக்கூடாது. இவ்வளவு சுத்தமான ரூலு மில்லுலகூட நான் பார்த்ததில்லை. உங்களுக்கு எத்தனை வயசு அங்கிள்னு அந்தப் பொண்ணு கேட்டா. அம்பத்தெட்டும்மா, பேப்பர் கொண்டு வரட்டுமான்னேன். அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்.

மறுநாள்ல இருந்து காலையில குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, டிபன் கேரியரோட மாடி ஏறிடுவேன். கீழதான் வீடு, வந்து சாப்பிட்டுட்டுப் போலாமுல்லங்கன்னு சுலோச்சனா கேட்டா. வேலை நேரத்துல வீட்டுக்கு வர்ற பழக்கம் எனக்கு எப்பவுமில்லைன்னுட்டேன். மேல என்னங்க பண்றீங்க, வாத்து கத்துதேன்னா. ஆபீஸ் விஷயம்னேன்.

யாழினி என்னென்னமோ சொல்லிக் குடுத்தா. அங்கிள், நீங்க மூணு வயசுக் குழந்தை மாதிரி விளையாடணும், தப்பான பட்டனை அமுத்தணும், போகக்கூடாத பக்கம் போகணும், அப்பத்தான் கேம்ல எங்கே ஓட்டை இருக்குதுன்னு தெரியும்னா. நான் நாப்பது வருசம் டைம் ஆபீஸ்ல இருந்தவன். ஒரு தப்பு பட்டனைக்கூட அமுத்தலைங்க. ஒண்ணே ஒண்ணுகூட. நேர் வழியிலதான் கூட்டிட்டுப் போனேன் அந்தக் குஞ்சை. குறை ஏதாவது இருக்குதா அங்கிள்னு சாயங்காலம் கேப்பா. ஒண்ணும் இல்லைம்மான்னு சொல்லுவேன். எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும் அவளுக்கு. முகத்துலதான் காட்டிக்க மாட்டா.

எதிர் வீட்டுல நிஜமாவே மூணு வயசுல ஒரு பாப்பா இருக்குது. சத்தம் கேட்டு ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து கதவோரமா நின்னுச்சு. வாத்து வாத்துன்னு கையை நீட்டுது. உனக்கு இன்னும் வயசு வரலை, போ கண்ணுன்னு நான்தான் இறக்கிவிட்டேன். அழுதுச்சு. ரூலுன்னா ரூலுதானே.

மூணாவது குளத்துல ஒரு நரி வருமுங்க. அதை ஒரு குழந்தை கேம்ல வெச்சது மகா பாவம். நாணலுக்குள்ள இருந்து சத்தமே இல்லாம வரும். எனக்கு பயமில்லை. எனக்கெதுக்கு பயம். ஆனா கண்ணை மூடினா அந்த நாணல் ஆடற மாதிரியே இருக்கும். கிஷோர்கிட்ட சொன்னேன், தம்பி, இந்தக் கேமுக்கு மூணு வயசுன்னு போடாதீங்க, பதினெட்டுன்னு போடுங்க. கல்யாணம் ஆனவங்களா இருந்தா இன்னும் நல்லது, கூட ஒரு ஆள் இருக்கும்னேன். அவன் சிரிச்சுட்டு, ஏன் அங்கிள், அழுதீங்களான்னான். கண்ணுல தூசுன்னேன். ஏசி ரூம்ல தூசான்னான். வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட என்ன பேச்சு. கடைசியில என்ற யோசனைப்படி அந்த நரிக்கு ஒரு செருப்பு மாட்டிவிட்டாங்க. நடந்தா கிறீச் கிறீச்சுன்னு கேக்கும், நாம முன்னாடியே ஓடிறலாம். நாளைக்கு அந்தக் கேம் வெளிய வந்தா நரிச் செருப்பைப் பார்க்கறப்ப என்னை நெனச்சுக்கங்க.

முட்டை சாப்பிடறதை விட்டுட்டேன், அது வேற. ஏனுங்க, ஆம்லெட் வேண்டாமான்னு சுலோச்சனா கேப்பா. மனசு வரலைங்க.

ஆறாவது குளம் வரைக்கும் வந்துட்டோம், நானும் குஞ்சும். அந்தக் குளத்துக்கு அந்தாண்ட ஒரு மதகு. மூடிக் கிடக்குது. குஞ்சு போய் அதுகிட்ட நின்னு கத்துச்சு. மதகுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு குரல் வந்துச்சு பாருங்க தம்பி. பெரிய வாத்தோட குரல். மெதுவா, ஒரே ஒரு தடவை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மணி ஆறு. மறுநாள் திறந்துக்கலாம்னு கம்ப்யூட்டரை அணைச்சுட்டு இறங்கி வந்துட்டேன். நேரம்னா நேரம். ஆறு மணிக்கு மேல ஒரு நிமிசம் இருந்திருந்தேன்னா இந்தக் கதையே இல்லை.

மறுநாள் நல்ல நாளா இருந்துச்சு. பத்திரிகை வைக்கறதுக்கு.

அதைச் சொல்லலையே. எனக்கு ஜாதகப்படி இந்த ஐப்பசியில அறுபது முடியுது. அறுபதாங்கல்யாணத்தைத் திருக்கடையூர்ல வெக்கணும்னு சுலோச்சனாவுக்கு ரொம்ப நாள் ஆசை. பத்திரிகை அடிச்சாச்சு. எங்க பக்கம் பழக்கம் உங்களுக்குத் தெரியுமே, வேலை பார்க்கற இடத்துக்கு முறையாப் போய் புருசனும் பொண்டாட்டியுமா தட்டுல வெச்சுக் குடுக்கணும். குங்குமம், வெத்தலை பாக்கு, பழம், எல்லாம் எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் மாடி ஏறினோம்.

யாழினி பத்திரிகையை வாங்கிப் படிச்சா. சஷ்டியப்த பூர்த்தின்னா என்னங்க அங்கிள்னா. அந்தப் பொண்ணு சென்னையில படிச்சது, தெரியலை. நான் விளக்கமாச் சொன்னேன். அறுபது வருசம் பூர்த்தியாகுது, மறுபடியும் தாலி கட்டணும், கலச தண்ணி ஊத்துவாங்க, எமனே ஒதுங்கிப் போற தலம்னு அரை மணி நேரம் சொன்னேன். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப அங்கிளுக்கு அறுபது முடியுதான்னா. ஆமாம்மா, எல்லாரும் அவசியம் வந்துடணும்னேன்.

சுலோச்சனா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. நான் கவனிக்கலை. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க, அது மாதிரி அந்தப் பொண்ணு வாயைத் திறந்து கேட்டுட்டா, எல்லாம் கெட்டுப்போச்சு.

கிஷோர் வந்தான். அங்கிள், நீங்க குடுத்த பேப்பர்ல அம்பத்தெட்டுன்னு இருக்குதேன்னான். அதுவும் சரிதான் தம்பின்னேன். அதெப்படி அங்கிள் ரெண்டும் சரியா இருக்கும்னான். நான் பொறுமையாச் சொன்னேன். எங்க காலத்துல பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு வலது கையைத் தலைக்கு மேல கொண்டு போய் இடது காதைத் தொடணும். தொட்டாத்தான் வயசு வந்துருச்சுன்னு அர்த்தம். எனக்குக் கை குட்டை. ரெண்டு வருசம் கூட்டிட்டுப் போயும் காது எட்டலை. ஏழு வயசுல எட்டுச்சு. வாத்தியாரு அஞ்சுன்னு எழுதிக்கிட்டாரு. அன்னையில இருந்து பேப்பருக்கு ஒரு வயசு, சாமிக்கு ஒரு வயசு. இதுல என்ன குழப்பம்?

நான் அந்த ஆபீஸ்லயே கையைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டினேன் தம்பி. இப்ப நல்லா எட்டுது.

யாழினி மரியாதையாத்தான் சொன்னா. பேப்பர் நிஜம்னா நீங்க சாமிகிட்டப் பொய் சொல்றீங்க அங்கிள், பத்திரிகை நிஜம்னா எங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க, நாங்க எதை எடுத்துக்கறதுன்னா. நான் சொன்னேன், பேப்பர்தாம்மா பேசணும். அதுக்கு அவ, இதுவும் பேப்பர்தானே அங்கிள்னு பத்திரிகையைக் காட்டினா. மஞ்சள் தடவின பத்திரிகை. என்ற பேரு, வயசு எல்லாம் தங்க எழுத்துல. நானே ப்ரூப் பார்த்தது.

அன்னைக்கே என்ற பாஸ்வேர்டை எடுத்துட்டாங்க. ஐப்பசி வரைக்குமாவது விடுங்க, அந்த மதகை மட்டும் திறந்துட்டுப் போயிடறேன்னு கெஞ்சினேன். ரூலுங்க அங்கிள்னாங்க. ரூலாம். மனுசனுக்கு ஒரு ஈவு இரக்கம் வேண்டாமுங்களா? பேப்பரைக் கட்டிக்கிட்டு அழறானுங்க.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்னு மிரட்டிப் பார்த்தேன். வீடு சுலோச்சனா பேர்ல இருக்குது, அது வேற கதை. கீழ வந்து அவகிட்டக் கேட்டேன், கல்யாணத்தை ரெண்டு வருசம் தள்ளி வெச்சுக்கலாமா, பேப்பருக்கு அறுபது ஆகறப்ப கட்டிக்கலாமேன்னு. எதுக்குங்கன்னா. ஆபீஸ் விஷயம்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு மாவு ஆட்டப் போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சுக் காலையில பார்க்கறேன், காட்டன் சேலையைக் கட்டிக்கிட்டு, என்ற டிபன் கேரியரைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறறா. எங்கே போறேன்னேன். வேலைக்குங்க, எனக்கு அம்பத்தி நாலுதானே, ஆதார்லயும் ஜாதகத்துலயும் அதேதான்னா. உங்க சோறு மேசை மேல மூடி வெச்சிருக்கறேன்னுட்டுப் போயிட்டா.

அவளுக்கு செல்போன்ல ஒரு போட்டோ அனுப்பத் தெரியாதுங்க. எல்லாத்தையும் தப்பாவே அமுக்குவா. குளத்துக்குப் போகச் சொன்னா குஞ்சை மரத்து மேல ஏத்துவா. நரிக்குப் பொரி போடப் பார்ப்பாளாம். அவ ஒவ்வொண்ணும் தப்பா அமுக்க அமுக்க, மேல இருந்து கைதட்டற சத்தம் கேக்குது. ஆன்ட்டி இன்னும் ஒரு ஓட்டை கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அந்தக் கொண்டைக்காரன் படியிலயே என்கிட்டச் சொல்றான். தப்புப் பண்ணினா கைதட்டற கம்பெனி உருப்படுமுங்களா? நான் கீழ உட்கார்ந்து மூடி வெச்ச சோத்தைத் தின்னுக்கிட்டு வாத்துச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அவ நேரா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போலாமுல்ல? மாட்டா. வேலை நேரமாம்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் இறங்கி வந்தா. கண்ணெல்லாம் சிவந்து கிடக்குது. ஏழாவது குளத்தை முடிச்சுட்டேனுங்கன்னா. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். அம்மாவைப் பார்த்துச்சா? மதகு திறந்துச்சா? அந்தக் குரல் அதோட அம்மாதானான்னு கேட்டேன்.

அவ முகத்தைக் கழுவிட்டு வந்து துண்டுல தொடைச்சுக்கிட்டே சொன்னா: ஆபீஸ் விஷயம்ங்க.

என்னால நம்பவே முடியலை தம்பி. புருசன்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் வெளிய சொல்றவனா? கெஞ்சிப் பார்த்தேன், கோவிச்சுப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டிருக்கறேனுங்கன்னு ஒரே பேச்சு. கேம் கடைக்கு வரட்டும் பார்த்துக்கலாம்னா, அதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆகுமாம். அதுக்குள்ள முடிவை மாத்தினாலும் மாத்துவாங்களாம். மாத்தின முடிவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நான் விட்டுட்டு வந்த குஞ்சு என்ன ஆச்சுன்னுதானே எனக்குத் தெரியணும். மதகோரமா நிக்க வெச்சுட்டு, மணி ஆறுன்னு எந்திரிச்சு வந்தவன் நான்தானே.

நேத்துத் திருக்கடையூர்ல கல்யாணம். கலச தண்ணி ஊத்தினாங்க, மாலை மாத்தினோம், தாலி கைக்கு வந்துருச்சு. மகளும் மருமகனும் எதிர்ல நிக்கறாங்க. ஐயர் கெட்டிமேளம் சொல்லப் போறாரு. நான் குனிஞ்சு அவ காதுல கேட்டேன், இப்பவாவது சொல்லு அம்மிணி, அம்மாவும் குஞ்சும் சேர்ந்துச்சா இல்லையான்னு. கட்டுங்க, முகூர்த்தம் போகுதுன்னா. கட்டினேன். வேற வழி?

மகளும் மருமகனும் அங்கிருந்தே சென்னைக்கு ரயிலேறிட்டாங்க. நாங்க பஸ்ஸுல வர்றோம். அந்தா பாருங்க, முன்னாடி மூணாவது சீட்டுல அரக்குச் சேலை, தலையில முல்லை. அதுதான் அவ. பக்கத்து சீட்டு கரூர்லயே காலியாச்சு. வாங்கன்னு கையாட்டினா. நான் போகலை. எனக்கு மட்டும் கோவம் இருக்காதா?

தம்பி, ஒரு உதவி செய்யறீங்களா? நீங்க யாரோ எவரோ, உங்ககிட்டச் சொன்னா ஒண்ணும் ஆகாது. போய் அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்தக் குஞ்சு என்ன ஆச்சுங்கம்மான்னு மட்டும். நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. சும்மா கேக்கற மாதிரி கேளுங்க. உங்க பை இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க.

வந்துட்டீங்களா. உட்காருங்க. என்ன சொன்னா?

சிரிச்சாளா? சரி, சிரிக்கட்டும். அப்புறம்?

நான்தான் அனுப்பினேன்னு கண்டுபிடிச்சுட்டாளா. சரி, சொல்லுங்க.

மீசையா?

மீசையைப் பத்தி என்ன?

இருங்க. திரும்பச் சொல்லுங்க. அவரு மீசை எங்கே போச்சுன்னு சொல்லட்டும், குஞ்சு எங்கே போச்சுன்னு நான் சொல்றேன். இப்படியேவா சொன்னா? இதே வார்த்தையா?

இருபது வருசம் தம்பி. ஒரே ஒரு தடவை கேட்டா. மறந்துட்டான்னு நெனச்சேன். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம்னு நெனச்சேன். மனசுல வெச்சுக்கிட்டே இத்தனை வருசமும் எனக்குச் சோறு போட்டிருக்கா பாருங்க. அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க.

திரும்பிப் பார்க்கறா பாருங்க. சீட்டுல இருந்த பையை எடுத்து மடியில வெச்சுக்கறா.

கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி, நான் அந்தப் பக்கம் போறேன். அந்த மாலைப் பையை எடுத்துக் குடுங்க. நான் சொன்னதை எதையும் வெளிய சொல்லிறாதீங்க, கையெழுத்துப் போட்டிருக்கேன்.

என்னது? மீசைக்கு என்ன ஆச்சுன்னா?

அதெப்படிங்க தம்பி உங்ககிட்டச் சொல்ல முடியும். அது ஆபீஸ் விஷயம்.